பாட்டியின் பேச்சைப் பாட்டியின் பேச்சாகவே சேமித்து வைப்பது எப்படி?

பாட்டி சொல்லிக்கொடுத்ததையெல்லாம் எழுதிவைக்கலாம் என்று உட்காருகிறவர்களுக்கு முதல் பக்கத்திலேயே ஒரு சிக்கல் வரும். "நேர்மையாக இரு", "சிக்கனமாக இரு", "யார் மனதையும் நோகடிக்காதே" என்று நாலைந்து வரி எழுதியதும் பேனா நின்றுவிடும். எழுதிய வரைக்கும் படித்துப் பார்த்தால் அது எந்த வீட்டுப் பாட்டிக்கும் பொருந்தும். புத்திமதி மட்டும் மனதில் தங்கி, அது எந்தச் சம்பவத்திலிருந்து வந்தது, எந்த வார்த்தையில் வந்தது, யாரைப் பார்த்துச் சொன்னது என்பதெல்லாம் உதிர்ந்துபோனதுதான் காரணம். அதனால் முதலில் சம்பவத்தைத் தேடுங்கள். புத்திமதி அதன் பின்னாலேயே வரும்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

"வாழ்க்கையில நீங்க கத்துக்கிட்ட பாடம் என்ன பாட்டி?" என்று கேட்டால், "என்னத்தப் பெருசா கத்துக்கிட்டேன், எல்லாரும் பட்டதுதான் நானும் பட்டேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே பாட்டியிடம், "சின்ன வயசுல நீங்க இருந்த வீட்டுல அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தைச் சொல்வார். அங்கே யார் உட்கார்ந்திருப்பார் என்று சொல்வார். அவருக்கும் இன்னொருத்தருக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் வரும். இடம், பொருள், ஆள் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்விக்குத்தான் நினைவு அசையும்.

இதற்கு நல்ல வழி, வீட்டின் படம் வரைவது. ஒரு பெரிய தாளை எடுத்து, பாட்டி சொல்லச் சொல்ல நீங்களே கோடு போடுங்கள். வாசல், ஜன்னல், படுக்கிற இடம், தண்ணீர் எடுக்கிற இடம். தப்பாகப் போட்டால் கவலை வேண்டாம். "அங்க இல்லடா, இந்தப் பக்கம்" என்று திருத்தும்போதுதான் பேச்சு சூடு பிடிக்கும். அவர் வாழ்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் வைத்துக்கொண்டால் மொத்த வாழ்க்கைக்கும் சட்டகம் கிடைத்துவிடும்.

"எந்த வருஷம் அது?" என்று பேச்சின் நடுவே கேட்காதீர்கள். வருடம் நினைவில் இருக்காது. இல்லையே என்ற கூச்சத்தில் கதையும் நின்றுபோகும். "பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள். பிறப்பு, கல்யாணம், வீடு மாறியது, யாரோ இறந்தது என்று ஏழெட்டு நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால், பிறப்புச் சான்றிதழையும் பழைய கடிதங்களையும் வைத்து வருடத்தை அப்புறம் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எந்த வயதிலிருந்து தொடங்குவது? முதியவர்களின் நினைவில் ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான காலம் மற்ற காலங்களைவிட அடர்த்தியாக இருக்கும். நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம் இது. அந்த இருபது வருடத்தில் தொடங்கினால் பாட்டிக்கும் தயக்கம் போகும். நடுவயதைப் பற்றி அடுத்தடுத்த நாட்களில் கேட்டுக்கொள்ளலாம்.

சம்பவம் முழுதாக வந்த பிறகுதான் புத்திமதிக்கான கேள்வி. "அப்ப உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?", "செஞ்சிருக்க வேணாம்னு பின்னால தோணுச்சா?", "இன்னிக்கு அதே நிலைமை வந்தா என்ன செய்வீங்க?" இவற்றில் மூன்றாவதுதான் அதிகம் கொடுக்கும். அதற்கு வருகிற பதில் பெரும்பாலும் ஒரே வரியாக இருக்கும். அந்த வரியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் முடிந்தது என்று தோன்றியதும் அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முக்கியமான பேச்சு பல நேரம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். "ம்", "அப்படியா" என்று சத்தம் கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். உங்கள் "ம்" அவருடைய சொல்லின் மேல் ஏறிப் பதிவாகிவிடும். கூட உட்கார்ந்து, "அது அப்படி நடக்கலம்மா" என்று திருத்துகிற உறவினரை வேறொரு நாள் தனியாக வைத்துப் பதிவு செய்யலாம். ஆனால் பாட்டியின் அக்காவோ தங்கையோ இருந்தால் ஒரு தடவையாவது இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். அவர்கள் போடும் சண்டையில் வெளிவரும் விவரம் எந்தக் கேள்வியிலும் வராது.

சொன்ன கதையையே திரும்பச் சொல்கிறார் என்று அலுத்துக்கொள்வது பெரிய தவறு. முதுமையில் பழையதைத் திரும்பிப் பார்ப்பது தளர்ச்சியின் அறிகுறி என்று கருதப்பட்ட காலத்தில், அது வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கும் இயல்பான வேலை என்று 1963-ல் எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். ஒரே கதையை மூன்று தடவை பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மாறாமல் வருகிற வாசகம் எது என்று தெரியும். அதுதான் அவர் உங்களிடம் விட்டுப்போக நினைக்கிற வாசகம்.

மறதி நோய் இருக்கிறவர்களிடம் முறையை மாற்ற வேண்டும். "ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வியே வேண்டாம், அது பரீட்சை. பழைய பாத்திரம், துணி, புகைப்படம் என்று ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் பாடினால் கூடப் பாடுங்கள். பெயரை மாற்றிச் சொன்னால் திருத்தாதீர்கள். பலருக்கு மாலையில் குழப்பம் கூடும், ஆகவே காலை நேரத்தில் 15 நிமிடம் போதும்.

பதிவு செய்யும்போது

தனிக் கருவி தேவையில்லை, கைபேசியே போதும். கெடுவது கருவியால் குறைவு, தூரத்தால் அதிகம். கைபேசியை அவர் வாயிலிருந்து 20 முதல் 30 செ.மீ. தூரத்தில், மைக் இருக்கும் அடிப்பக்கம் அவரைப் பார்த்திருக்கும்படி வையுங்கள். கீழே மடித்த துண்டு ஒன்றைப் போட்டால் மேசையில் கை படும் சத்தம் ஏறாது. ஒரு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, "அப்புறம் சத்தத்தைக் கூட்டிக்கலாம்" என்று நினைத்தால் மின்விசிறியின் இரைச்சலும் கூடவே கூடும். விசிறியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். புழுக்கத்தில் அவரைத் தவிக்கவிட வேண்டாம், அப்போது கைபேசியை இன்னும் அருகில் கொண்டுபோங்கள். தரை, சுவர் எல்லாம் வழவழவென்று இருக்கும் கூடத்தில் எதிரொலி வரும். மெத்தையும் துணிகளும் உள்ள படுக்கையறையில் குரல் தெளிவாக விழும்.

தொடங்கும் முன் விமானப் பயண நிலைக்கு, அதாவது ஏர்பிளேன் மோடுக்கு மாற்றுங்கள். அழைப்பு வந்தால் பல கைபேசிகளில் பதிவு நின்றுவிடும், நின்றது தெரியவும் தெரியாது. ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். இரைச்சலைத் தானாக நீக்கும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். மெல்லிய குரலில் சொல்லின் கடைசி எழுத்தை அது விழுங்கிவிடும். செயலியில் வேவ் வடிவம், அதாவது ஒலியைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு வகை, இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்.பி. இடம் பிடிக்கும். அந்த வசதி இல்லாவிட்டால் கைபேசியின் வழக்கமான எம்4ஏ வடிவத்தை அதன் உயர்ந்த தரத்தில் வைத்தால் பேச்சுக்குப் போதும்.

பதிவின் முதல் வரி உங்களுடையது: தேதி, இடம், பேசுகிறவர் பெயர், கேட்கிறவர் பெயர். இரண்டாவது வரி அனுமதி. "பாட்டி, இதை யார் யார் கேக்கலாம்?" என்று கேட்டு, பதிலும் பதிவாகட்டும். நடுவில், "இதை யாருக்கும் சொல்லாதே" என்று அவர் சொன்னால் அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தத் துண்டு இல்லாத பிரதியை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்துவிட வேண்டும்.

எவ்வளவு நேரம்? அமெரிக்காவில் சாதாரண மனிதர்களின் உரையாடல்களை 2003 முதல் பதிவு செய்துவரும் ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பு, ஓர் உரையாடலுக்கு 40 நிமிடம் என்று வைத்திருக்கிறது. பாட்டிகளுக்கு அதை மேல் வரம்பாக எடுத்துக்கொள்ளலாம். காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம். வயதால் வரும் செவித்திறன் குறைவு முதலில் உச்ச ஸ்தாயி ஒலிகளைத்தான் பாதிக்கும். கத்தினால் குரல் கீச்சென்று உயர்ந்து இன்னும் புரியாமல் போகும். முகத்துக்கு நேராக உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள்.

வீடியோ எடுக்கலாமா என்று கேட்பார்கள். கேமராவைப் பார்த்ததும் விறைத்துப்போகிறவருக்கு வேண்டாம், ஒலி மட்டும் போதும். கைவேலைக்கு மட்டும் வீடியோ அவசியம்.

கைப்பக்குவத்தை அளவாக மாற்றுவது

"கண்ணளவு", "கொஞ்சம்", "ஒரு கை" என்பதையெல்லாம் பாட்டியிடம் கிராமில் கேட்டால் அவருக்குத் தெரியாது. அவர் வேலையை நிறுத்தி அளக்கச் சொன்னால் கை தடுமாறி அளவே மாறிவிடும். டப்பாவை எடை போடுவதுதான் சரி. சமையலைத் தொடங்கும் முன் ஒவ்வொரு டப்பாவையும் 1 கிராம் துல்லியமுள்ள தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தன் போக்கில் அள்ளிப் போடட்டும். முடிந்ததும் மறுபடி எடை பாருங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் "கொஞ்சம்". சிட்டிகை அளவுப் பொருளுக்கு 1 கிராம் தராசு உதவாது, 0.1 கிராம் தராசு வேண்டும், அல்லது அவர் பத்துச் சிட்டிகை எடுத்துத் தர, மொத்தத்தைப் பத்தால் வகுக்கலாம்.

மூன்று வேறு நாட்களில் அளங்கள். 12 கிராம், 15 கிராம், 11 கிராம் என்று வந்தால், "11 முதல் 15" என்றே எழுதுங்கள், சராசரி போடாதீர்கள். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கும். பொருள் பழசா, ஈரமா, அன்றைக்குச் சாப்பிடுகிறவர் யார் என்று பார்த்துத்தான் அவர் கை கூடும், குறையும். "இன்னிக்கு ஏன் கம்மியாப் போட்டீங்க?" என்ற ஒரு கேள்விக்கு வருகிற பதில், எடைக் கணக்கைவிடப் பெரிய சமையல் பாடம்.

நேரத்தை நிமிடத்தில் மட்டும் எழுதினால் வேறு அடுப்பில் வேறு பாத்திரத்தில் பொருந்தாது. அவர் எதைப் பார்த்து அடுப்பைக் குறைக்கிறார் என்று கேளுங்கள்: வாசனையா, நிறமா, சத்தம் அடங்குவதா? கெட்டுப்போனால் எப்படிச் சரிசெய்வார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தையல், பின்னல், கோலம் போன்ற கைவேலையை எதிரே நின்று படம் பிடித்தால் பார்ப்பவருக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். அவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி எடுங்கள். ஒரு தடவை வழக்கமான வேகத்தில், ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி.

எழுத்தில் கொண்டுவருவது

ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத்தாக்க நாலிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். அவர் பேசும் வழக்கு உங்களுக்குப் பழக்கமில்லாவிட்டால் இன்னும் கூடும். தானாக எழுத்தாக்கும் மென்பொருள் முதல் பிரதிக்கு உதவும். ஆனால் ஆள் பெயர், ஊர்ப் பெயர், வட்டார வழக்கு மூன்றிலும் அது சறுக்கும். "போயிட்டு வந்தாக" என்பதை எழுத்துத் தமிழாக மாற்றியும் வைத்துவிடும். கேட்டுக் கேட்டுத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. எல்லாவற்றையும் எழுத நேரமில்லாதவர்கள் பட்டியல் ஒன்றாவது போடுங்கள்: "12:40 – பழைய வீட்டை விற்றது, 15:05 – தம்பியுடன் சண்டை, 18:30 – சிரிப்பு". இது இல்லாத பதிவை அப்புறம் யாரும் திறந்து கேட்க மாட்டார்கள்.

தட்டச்சு யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையில், இருக்கட்டும். பழைய எழுத்துரு முறைகளில் அடித்த கோப்புகள் வீட்டில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

இனி புத்திமதிப் பக்கம். ஒரு புத்திமதிக்கு ஒரு தாள். மேலே அவர் சொன்ன வாசகம், ஓர் எழுத்தும் மாற்றாமல். கீழே அது எந்தச் சம்பவத்திலிருந்து வந்தது, யாரிடம் எப்போது சொன்னார், அவரே அதன்படி நடந்தாரா என்று எழுதுங்கள். உதாரணமாக, ஒரு பாட்டி, "கடன் கேட்டு வந்தவனை நாலு பேருக்கு முன்னால இல்லேன்னு சொல்லாத" என்று சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதை, "பிறரை மதிக்க வேண்டும்" என்று சுருக்கி எழுதினால் செத்துப்போயிற்று. அவருடைய அப்பா கடன் கேட்கப் போன இடத்தில் கூட்டத்துக்கு நடுவே மறுக்கப்பட்டதும், அன்று அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அந்தத் தாளில் வந்தால்தான், கடன் கொடுக்கச் சொல்லவில்லை, மறுக்கும் இடத்தைத்தான் சொல்கிறார் என்பது பேரனுக்குப் புரியும்.

அவர் சொன்னதற்கும் செய்ததற்கும் முரண் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். சேமிக்கச் சொன்னவர் கேட்டவருக்கெல்லாம் கொடுத்திருக்கலாம். இன்றைக்கு ஒப்புக்கொள்ள முடியாத கருத்துகளும் பேச்சில் வரும். அவற்றை மூலப் பதிவில் வெட்ட வேண்டாம். புத்தகத்தில் போடுவதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு. எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தால் மிஞ்சுவது பண்டிகை வாழ்த்து அட்டை.

எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுவதுதான் பலரும் விட்டுவிடுகிற படி. கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், வாழ்வின் இறுதியில் இருக்கும் நோயாளிகளுக்காக உருவாக்கி 2005-ல் ஆய்வாக வெளியிட்ட முறையில் இது கட்டாயம்: உரையாடலைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, செம்மை செய்து, அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் திருத்திய பிறகுதான் குடும்பத்துக்கு. வீட்டிலும் அப்படியே செய்யலாம். திருத்தம் சொல்லும்போது ரெக்கார்டரை ஓடவிடுங்கள், புதிய கதைகள் வரும்.

புத்தகமாக்கும்போது வருடவாரியாக அடுக்குவதைவிட வீடுவாரியாக அடுக்குவது மேல். பிறந்த வீடு, வாழப்போன வீடு, வாடகை வீடு, கடைசி வீடு என்று பிரித்து, முதலில் வரைந்த படங்களை அத்தியாயங்களின் முகப்பில் வைத்துவிடலாம். 40 முதல் 60 பக்கம் போதும். கூடவே இரண்டு மூன்று நிமிட ஒலித்துண்டுகளாக ஒரு பத்து. பக்கத்தில் கியூஆர் குறி மட்டும் அச்சிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது சுட்டும் இணைய முகவரி ஒருநாள் செத்துப்போகும்.

அவர் இல்லாதபோது

முதலில் குரலைத் தேடுங்கள். உறவினர்களின் கைபேசிகளில் வாட்ஸ்அப் குரல் செய்திகள் இருக்கும். கைபேசி மாற்றும்போதும், இடம் போதவில்லை என்று சுத்தம் செய்யும்போதும் அவைதான் முதலில் போகும். அந்த உரையாடலை மீடியாவுடன் ஏற்றுமதி செய்து கணினியில் வைத்துவிடுங்கள். கல்யாண வீடியோக்களின் ஓரத்தில் அவர் பேசியிருப்பார், அதையும் பாருங்கள். பழைய கேசட் இருந்தால், தவறி அதன்மேல் வேறெதுவும் பதிவாகிவிடாமல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் முதலில் உடைத்துவிட்டு, ஒரு தடவை முழுதாகச் சுற்றித் திரும்பச் சுற்றியபின், ஸ்பீக்கர் முன் மைக் வைக்காமல் கம்பி வழியாகக் கணினியில் ஏற்றுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது. நாடாவும் போகும், கருவியும் போகும்.

பிறகு நினைவுகளைச் சேகரியுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் முதலில் பேசுகிறவரின் கதையே எல்லோருடைய கதையாகிவிடும். ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்துத் தனித்தனியே எழுத வைத்துவிட்டுப் பிறகு பேச விடுங்கள். "பாட்டி உன்னைத் திட்டினது எதுக்கு?" என்ற கேள்வி, "பாட்டியிடம் உனக்குப் பிடித்தது என்ன?" என்பதைவிட நன்றாக வேலை செய்யும். பக்கத்து வீட்டுக்காரரையும் அவருடன் வேலை செய்தவரையும் மறக்க வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாத பெண்ணை அவர்களுக்குத் தெரியும்.

புகைப்படங்களை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, தரம் குறையாமல் வைக்கும் டிஃப் வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் எடுங்கள். சட்டகக் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்; பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பசை வரியும் பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பங்கள் படத்தை மஞ்சளாக்கும். மெழுகு பூசாத பல் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மெதுவாக ரம்பம்போல் ஓட்டி எடுக்கலாம், வராவிட்டால் விட்டுவிடுங்கள். பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில், விளிம்பில் மட்டும். கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். உறையையும் வைத்துக்கொள்ளுங்கள், தேதி பெரும்பாலும் அஞ்சல் முத்திரையில்தான் இருக்கும். உறவினர் படம் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

குழந்தைகளுக்குச் சொல்லும்போது மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் கொடுத்து ஒரு கதை, ஒரு ஒலித்துண்டு, அவ்வளவுதான். "பாட்டி இருந்திருந்தா உன்னை என்ன சொல்லியிருப்பாங்க தெரியுமா?" என்று மிரட்டப் பயன்படுத்தினால் அந்தப் பிள்ளைக்குப் பாட்டி ஒரு பிரம்பாகத்தான் நினைவிருப்பார்.

சேமிப்பு

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு இணையச் சேமிப்பு, இன்னொரு ஊரில் உள்ள உறவினரிடம் இன்னொரு டிஸ்க் என்று வைத்துக்கொள்ளலாம். பென்டிரைவை அலமாரியில் போட்டு மறந்துவிட்டால் மின்சாரம் படாமலே வருடங்கள் ஓட, அதிலுள்ளது மெல்ல அழியும். எழுதத்தக்க சிடிக்களும் மங்கும். கோப்புப் பெயரை வருடம்-மாதம்-நாள் என்று தொடங்குங்கள்: "2025-03-14_பாட்டி_இரண்டாம்வீடு". தானாகவே வரிசைப்படும். "புதியது", "இறுதி", "இறுதி2" என்றெல்லாம் வைத்தால் அடுத்த வருடம் உங்களுக்கே விளங்காது.

வருடத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு ஒவ்வொரு பிரதியிலும் ஏதாவது இரண்டு கோப்பைத் திறந்து கேளுங்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை மாற்றுங்கள். இணையச் சேமிப்பின் கடவுச்சொல்லும் சந்தா கட்டுகிற பொறுப்பும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. அடுத்த தலைமுறையில் ஒருவரின் பெயரை இப்போதே முடிவு செய்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, புத்தகத்தின் ஒரு பிரதியோடு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.